முக்கால் மைனஸ்

கடைத்தெருவில் அவளுக்குச் சின்ன முதலாளி என்று பேர். பெரிய முதலாளி அவளுடைய அப்பா. கடை, மூக்குக் கண்ணாடிக் கடை. முதலாளி என்றதும் பெரிய இடம் என்று நினைத்துவிட வேண்டாம். பத்தடி அகலம், இருபதடி நீளம். முன்பக்கம் பிரேம் அடுக்கிய அலமாரிகள், நடுவில் ஒரு திரை, திரைக்குப் பின்னால் லென்ஸ் தேய்க்கிற மெஷின், ஒரு தண்ணீர்க் குழாய், இரண்டு முக்காலி. முதலாளிகள் இரண்டு பேரும்தான் அங்கே தொழிலாளிகளும். அப்பா கண் பார்த்துப் பவர் எழுதுவார். மகள் லென்ஸைப் பிரேம் அளவுக்குத் தேய்த்து, மாட்டி, திருகாணி முடுக்கி, வந்தவர் மூக்குக்குத் தக்கபடி வளைத்துக் கொடுப்பாள். காலையில் கடையைப் பெருக்குவது யார் என்பதில் மட்டும் இருவருக்கும் தினம் ஒரு சின்னத் தகராறு.

வயது இருபத்திரண்டு. கல்லூரியில் இயற்பியல் முடித்து ஒன்றரை வருடம் ஆகிறது. வேறு வேலை தேடிக்கொண்டிருக்கிறேன் என்று கேட்கிறவர்களிடமெல்லாம் சொல்லிக்கொண்டே, கடையிலேயே காலம் தள்ளிக்கொண்டிருந்தாள். இந்தப் பெண்தான் ராணுவ விமானம் ஓட்டப் போகலாமா என்று யோசித்தாள். சிரிக்காதீர்கள். முதலில் சிரித்தது அவளேதான்.

அதுவும் அவள் ஆசைப்பட்டுப் போனதில்லை. கூடப் படித்த தோழி ஒருத்திக்கு விமானப்படை மேல் பைத்தியம். எழுத்துத் தேர்வுக்குத் தனியாகப் போகப் பயமாக இருக்கிறது, நீயும் விண்ணப்பம் போடு, துணைக்கு வா என்று உயிரை எடுத்தாள். போனாள். துணைக்குப் போனவள் பாஸ், கூட்டிக்கொண்டு போனவள் பெயில். அன்றிலிருந்து அந்தத் தோழி இவளோடு பேசுவதில்லை. நான் என்ன பண்ணட்டும், வினாத்தாள் அப்படி வந்தது என்று இவள் எத்தனை முறை சொல்லி அனுப்பியும் பதில் இல்லை.

அடுத்து ஐந்து நாள் தேர்வு. ஓடச் சொன்னார்கள், கயிறு ஏறச் சொன்னார்கள், எட்டுப் பேரை ஒரு பீப்பாயோடும் இரண்டு பலகையோடும் விட்டுப் பள்ளத்தைத் தாண்டச் சொன்னார்கள். இதோடு சரி, நாளைக்கு வீட்டுக்கு அனுப்பிவிடுவார்கள் என்று ஒவ்வொரு நாளும் பையைக் கட்டி வைத்தாள். கடைசி நாள் ஒரு மெஷினில் உட்கார வைத்தார்கள். கையில் ஒரு தண்டு, காலில் இரண்டு மிதிகள், எதிரே திரையில் ஓடிக்கொண்டே இருக்கும் ஒரு புள்ளி. அந்தப் புள்ளியை வட்டத்துக்குள்ளேயே வைத்திருக்க வேண்டும். கடுகளவு திருகாணியைக் கண்ணாடிக் காம்பில் உட்கார வைத்துப் பழகிய கை அவளுடையது. நாற்பது நிமிடம். அந்த நாற்பது நிமிடமும் அவளுக்கு ஒரு நினைப்பும் இல்லை. இறங்கி வந்த பிறகுதான் தன் பேரே ஞாபகம் வந்தது. அது பிடித்திருந்ததா, பயமாக இருந்ததா என்று இன்றைக்குக் கேட்டாலும் அவளுக்குச் சொல்லத் தெரியாது.

பிறகு கடிதம் வந்தது. தேர்வாகியிருக்கிறீர்கள். வெள்ளிக்கிழமை உடல் பரிசோதனை. வருகிறீர்களா இல்லையா என்று புதன்கிழமை மாலை ஐந்து மணிக்குள் போன் செய்து சொல்ல வேண்டும். சொல்லாவிட்டால் அந்த இடம் அடுத்தவருக்குப் போய்விடும். எல்லாம் சரியாக வந்து பயிற்சி முடித்தால் பதினான்கு வருடம் படையில் இருக்க வேண்டும்.

அம்மா பஸ் கண்டக்டர். பதினான்கு வருடம் என்று கேட்டதும், "என்னடி, வனவாசமா?" என்றாள். அதற்குப் பிறகு அம்மா வேலைக்குக் கிளம்பும் அவசரத்திலேயே தீர்ப்பும் சொல்லிவிட்டாள். போகிறதானால் போகட்டும், சம்பளமும் மரியாதையும் உள்ள வேலை. பிடிக்காவிட்டால் விட்டுவிடட்டும், கடை எங்கேயும் ஓடிப் போகாது. எதையாவது ஒன்றைச் சொல்லட்டும். மகள் இப்படியும் இல்லாமல் அப்படியும் இல்லாமல் இழுத்துக்கொண்டே நிற்பதுதான் அம்மாவுக்கு ஆகவில்லை. பணப்பையைத் தோளில் மாட்டிக்கொண்டே, "ஏறுறதுன்னா ஏறு, இறங்குறதுன்னா இறங்கு. படியில நிக்காதே," என்றாள். ஒரு நாளைக்கு நூறு முறை முன்பின் தெரியாதவர்களிடம் சொல்கிற வார்த்தை அது. பெற்ற மகளிடமும் அதே குரலில்தான் வந்தது.

அப்பா கடிதத்தைப் படித்தார். திருப்பி இன்னொரு முறை படித்தார். "பார்க்கலாம்," என்றார். ஒரு வாடிக்கையாளரின் பிரேமை எடுத்துத் துடைக்க ஆரம்பித்தார். ஏற்கெனவே துடைத்த பிரேம் அது.

அவளுக்கோ ஒரே குழப்பம். பறப்பது பிடிக்குமா என்று தன்னையே கேட்டுப் பார்த்தாள். விமானத்தில் ஒரு தடவைகூட ஏறியதில்லை, எப்படித் தெரியும்? கடை பிடிக்குமா என்று கேட்டுப் பார்த்தாள். ஒரு கிழவர் புதுக் கண்ணாடியை மாட்டிக்கொண்டு எதிர்க்கடைப் பலகையை வாய்விட்டுப் படிக்கும்போது பிடிக்கத்தான் செய்தது. அதே கிழவர் ஒரு வாரத்துக்குள் காது வலிக்கிறது என்று மூன்றாவது முறையாகச் சண்டை போடும்போது, எங்கேயாவது ஓடிப் போய்விடலாம் போலிருந்தது. இது எல்லோருக்கும் இருக்கிற குழப்பம்தான். ஆனால் எல்லோருக்கும் புதன்கிழமை ஐந்து மணி என்று யாரும் கெடு வைப்பதில்லையே.

யாரைக் கேட்கலாம் என்று யோசித்தபோது பைலட் சார் ஞாபகம் வந்தது. ஓய்வு பெற்ற விமானப்படைக்காரர், கடையின் பழைய வாடிக்கையாளர். வருடத்துக்கு இரண்டு முறை தன் கண்ணாடி மேலேயே உட்கார்ந்துவிட்டு வருவார். நல்லவேளையாக அந்த வாரமும் உட்கார்ந்திருந்தார். காம்பை நிமிர்த்திக்கொண்டே அவள் விஷயத்தைச் சொன்னாள். மனிதர் துள்ளிக் குதிப்பார், போ போ என்று முதுகில் தட்டுவார் என்று எதிர்பார்த்தாள். அவர் முக்காலியை இழுத்துப் போட்டு நிதானமாக உட்கார்ந்தார். பாதி நாள் காகிதம் எழுதுகிற வேலை என்றார். காது போய்விடும், இடுப்பு போய்விடும் என்றார். அப்புறம், அதிகாலையில் மேகத்துக்கு மேலே வந்ததும் இருக்கிற வெளிச்சத்தைப் பற்றிச் சொல்ல ஆரம்பித்து, சொல்ல வராமல் பாதியில் விட்டுவிட்டார்.

அவளுக்கு உள்ளே இன்னொரு கேள்வி இருந்தது. தயங்கித் தயங்கிக் கேட்டுவிட்டாள். சண்டை என்று வந்தால் என்ன சார் செய்வது, நீங்கள் யார் மேலாவது ஏதாவது போட்டிருக்கிறீர்களா?

அவர் கண்ணாடி இல்லாத கண்ணோடு அவளைப் பார்த்தார். "நான் ஓட்டினது மூட்டை ஏத்துற விமானம். வெள்ளம் வந்த ஊர்ல மாவு மூட்டை போட்டிருக்கேன், மருந்து போட்டிருக்கேன். வேற எதையும் போடச் சொல்லல. சொல்லியிருந்தா போட்டிருப்பேன். அது தெரிஞ்சுதான் கையெழுத்துப் போட்டேன். நீயும் அதைத் தெரிஞ்சுக்கிட்டுப் போடு."

அவ்வளவுதான். கண்ணாடியை வாங்கி மாட்டிக்கொண்டு கிளம்பிவிட்டார். குழப்பம் தீரும் என்று கேட்கப் போய், இருந்த குழப்பத்தோடு இன்னொன்றையும் வாங்கிக்கொண்டாள். அடுத்த இரண்டு நாளும் மெஷினில் லென்ஸ் தேய்த்துக்கொண்டே அதைத்தான் யோசித்தாள். மாவு மூட்டை என்றால் மனசு ஒப்புகிறது. மற்றது என்றால் ஒப்பவில்லை. இரண்டுக்கும் ஒரே கையெழுத்துதான்.

இந்தச் சமயத்தில்தான் கண் விஷயம் வந்தது. ஞாயிற்றுக்கிழமை காலை, அம்மா துணி மடித்துக்கொண்டே, ஊருக்கெல்லாம் கண் பார்க்கிறீர்களே, இவள் கண்ணை யாராவது பார்த்தீர்களா என்று கேட்டாள். அப்பாவும் மகளும் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். பார்த்ததே இல்லை. பார்க்க வேண்டும் என்று தோன்றினால்தானே?

காரணம் இருக்கிறது. கடைச் சுவரில் தொங்கும் எழுத்து அட்டையைப் பார்த்துத்தான் அவள் எழுத்தே கற்றாள். பள்ளிவிட்டு வந்து, அப்பா கண் பார்க்கும்போது அட்டைக்குப் பக்கத்தில் நின்று குச்சியால் தொட்டுக் காட்டுவது அவள் வேலை. பதினைந்து வருடமாகக் கேட்ட வரிகள். கடைசி வரியை முன்னிருந்து பின்னே, பின்னிருந்து முன்னே, தூக்கத்தில் எழுப்பிக் கேட்டாலும் சொல்லிவிடுவாள். எவ்வளவு தூரத்தில் நின்றாலும் கடைசி வரி வரை அவளுக்குத் தெரிந்துகொண்டே இருந்தது. அது கண்ணுக்குத் தெரிந்ததா, மண்டைக்குத் தெரிந்ததா என்று யாரும் கேட்டதில்லை. கடிதத்தில் தெளிவாகப் போட்டிருந்தார்கள்: கண்ணாடி இல்லாமல், இரண்டு கண்ணும் தனித்தனியாக, கடைசி வரி வரை.

திங்கட்கிழமை மதியம் கடையில் ஆள் இல்லாத நேரத்தில் அப்பா அவளை உட்கார வைத்தார். அவள் வழக்கம்போல அட்டையைப் பார்த்துக் கடகடவென்று சொல்லிக்கொண்டே போனாள். அப்பா கையைக் காட்டி நிறுத்தினார்.

"நீ பார்க்கல. ஒப்பிக்கிறே."

அலமாரிக்கு மேலே ஏறி, படிக்கத் தெரியாதவர்களுக்கென்று எப்போதோ வாங்கி வைத்திருந்த இன்னொரு அட்டையைத் தூசி தட்டி எடுத்தார். அதில் எழுத்தே இல்லை, வெவ்வேறு பக்கம் திறந்திருக்கும் வளையங்கள் மட்டும். எந்தப் பக்கம் திறந்திருக்கிறது என்று சொல்ல வேண்டும். பிறகு சோதனைப் பிரேமை அவள் மூக்கில் மாட்டினார். ஒவ்வொரு லென்ஸாகச் சொருகிப் பார்ப்பதற்கான இரும்புப் பிரேம் அது. அப்பா மாட்டும்போது எல்லோரும் கண்ணை மூடிக்கொள்வார்கள், அவளும் மூடிக்கொண்டாள். திறந்து பார்த்தால் கீழ் மூன்று வரிகளும் கலங்கித் தெரிந்தன. வளையம் எல்லாம் மூடிய உருண்டையாக இருந்தது. அவளுக்குத் திக்கென்றது. அப்பா ஒரு லென்ஸைச் சொருகினார், சரியாகவில்லை. இன்னொன்றைச் சொருகினார், எல்லாம் பளிச்சென்று ஆகிவிட்டது.

"ரெண்டு கண்ணும் முக்கால் மைனஸ்," என்றார் அப்பா. தூரத்தில் இருப்பது கொஞ்சம் கலங்கும் என்று அர்த்தம். சொல்லும்போது அவளைப் பார்க்கவில்லை, சீட்டில் எழுதிக்கொண்டிருந்தார்.

அப்பாடா என்றிருந்தது அவளுக்கு. உண்மையைத்தான் சொல்கிறேன், முதலில் வந்தது அதுதான். இனி யோசிக்க வேண்டாம். மாவு மூட்டையும் வேண்டாம், மற்றதும் வேண்டாம், பதினான்கு வருடமும் வேண்டாம். கண் சரியில்லை, விட்டது தொல்லை. பெரிய சுமையை யாரோ இறக்கி வைத்ததுபோல எழுந்து திரைக்குப் பின்னால் போனாள். போனவள் தண்ணீர்க் குழாயைத் திறந்துவிட்டு, முகம் கழுவுகிற சாக்கில் கால் மணி நேரம் அழுதாள். ஏன் அழுகிறோம் என்று அவளுக்குப் புரியவில்லை. வேண்டாம் என்றால் சந்தோஷமாக அல்லவா இருக்க வேண்டும்? சரியான பைத்தியம்தான் நான் என்று தன்னையே திட்டிக்கொண்டு வெளியே வந்தாள்.

அவளுடைய கண்ணாடியை அப்பாவே செய்தார். லென்ஸ் தேய்ப்பது அவள் வேலை, அன்றைக்கு மட்டும் அவளை மெஷின் பக்கமே விடவில்லை. உனக்கு நான்தான் செய்வேன் என்றார். பாசம் என்று எடுத்துக்கொண்டாள். செவ்வாய்க்கிழமை காலை கண்ணாடி தயார். மாட்டிக்கொண்டு வாசலுக்கு வந்தாள். ஆஹா, எதிர்க்கடைப் பலகையில் உள்ள சின்ன எழுத்துகள்கூட என்ன துல்லியம்! மாடிக் கம்பியில் உட்கார்ந்திருந்த புறாவின் கால் விரலைக்கூட எண்ணிவிடலாம் போலிருந்தது. இத்தனை வருடம் குருட்டுப் பூனையாகவா இருந்தோம் என்று வியந்தாள். இரவு சாப்பாட்டின்போது அம்மாவிடமும் அதையே சொன்னாள்.

அம்மா அதற்கெல்லாம் மசியவில்லை. தலைமை ஆசிரியை மாதிரி இருக்கிறாய் என்று கேலி செய்துவிட்டு, எதற்கும் வெள்ளிக்கிழமை போய்விட்டு வா, வேண்டாம் என்று அவர்களே சொல்லட்டும், நீயாக ஏன் முந்திக்கொள்கிறாய் என்றாள். நியாயமான பேச்சு. இவள் காதில் ஏறவில்லை. வீண் அலைச்சல் என்றாள். அப்பா பார்த்தால் பார்த்ததுதான், அதற்கு மேல் ஆள் உண்டா என்றாள். அப்பா அதைக் கேட்டுக்கொண்டு தட்டில் இருந்ததைப் பாதியில் வைத்துவிட்டுக் கை கழுவப் போனார்.

புதன்கிழமை வந்தது. மூன்று மணி போல, வர இயலாது என்று போனில் எப்படிச் சொல்வது என்பதை ஒரு காகிதத்தில் எழுதி வைத்துக்கொண்டாள். பேச்சு தடுமாறக்கூடாதல்லவா. திரைக்குப் பின்னால் முக்காலியில் உட்கார்ந்து அதையே இரண்டு முறை படித்தாள். கண்ணாடியில் தூசி. கழற்றி, சட்டை நுனியால் துடைத்தாள்.

கண்ணாடிக் கடைக்காரர்களுக்கு ஒரு கைப்பழக்கம் உண்டு. எந்தக் கண்ணாடியைத் துடைத்தாலும் கையை நீட்டிப் பிடித்து, அதன் வழியாக ஒரு நேர்க்கோட்டைப் பார்த்து, இப்படியும் அப்படியும் மெதுவாக ஆட்டிப் பார்ப்பார்கள். பவர் இருந்தால் உள்ளே தெரியும் கோடு நகரும். மைனஸ் என்றால் ஆட்டுகிற பக்கமே போகும், பிளஸ் என்றால் எதிர்ப்பக்கம் போகும். எவ்வளவு கொஞ்சமாக இருந்தாலும் பழகிய கண்ணுக்குத் தப்பாது. யோசித்துச் செய்கிற காரியம் இல்லை, கை தானாகச் செய்யும். அவள் கையும் நீண்டது. எதிரே கதவு நிலை. ஆட்டினாள். நிலைக்கோடு அசையவில்லை.

இன்னொரு முறை ஆட்டினாள். நின்ற இடத்தில் நின்றது கோடு. மற்றக் கண்ணுக்கான லென்ஸிலும் அப்படியே. எழுந்து போய்ப் பவர் பார்க்கும் மெஷினில் வைத்தாள். வலது, பூஜ்யம். இடது, பூஜ்யம். மெஷின் கெட்டுவிட்டதோ என்று வேறொருவர் கண்ணாடியை வைத்துப் பார்த்தாள். அது சீட்டில் எழுதியபடி சரியாகக் காட்டியது. தன்னுடையதைத் திரும்ப வைத்தாள். பூஜ்யம்.

வெறும் கண்ணாடி. ஜன்னலுக்குப் போடுகிற மாதிரி. அதை மாட்டிக்கொண்டுதான் இரண்டு நாளாகப் புறாவின் விரலை எண்ணிக்கொண்டிருந்தாள். அப்படியானால் அன்றைக்குக் கலங்கித் தெரிந்தது என்ன? பிரேமை மாட்டும்போதே உள்ளே ஏதோ ஒன்றைச் சொருகியிருக்கிறார். அப்பா பொய் சொல்வாரா? கால் பவர் வித்தியாசத்துக்கு வாடிக்கையாளரை மூன்று முறை வரவழைத்து உட்கார வைத்து உயிரை வாங்குகிற மனிதர் அவர்.

திரையை விலக்கினாள். முன்னால் ஒரு பெண்மணி பதினோராவது பிரேமை மாட்டிப் பார்த்துக்கொண்டிருந்தார். அப்பா பொறுமையாக முகம் பார்க்கும் கண்ணாடியைப் பிடித்துக்கொண்டு நின்றார். பன்னிரண்டாவது, பதின்மூன்றாவது. கடைசியில் முதலில் பார்த்ததையே எடுத்துக்கொண்டு அந்தப் புண்ணியவதி போய்ச் சேர்ந்தபோது மணி நாலு ஆகிவிட்டது. அவள் தன் கண்ணாடியை எடுத்து வந்து அப்பா முன்னால் வைத்தாள்.

"அப்பா, இதுல பவர் இல்ல."

அப்பா அதை எடுக்கக்கூட இல்லை. அவளுக்குப் பாவமாக இருந்தது. தப்பித்துக்கொள்ள அவளே வழி விட்டாள். லென்ஸை மாற்றி மாட்டிவிட்டீர்களா என்று கேட்டாள். ஆமாம் என்று ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் முடிந்திருக்கும். அவள் நம்பியும் இருப்பாள், நம்பத்தான் விரும்பினாள்.

"மாத்தல. தெரிஞ்சேதான் போட்டேன். உன் கண்ணுல ஒண்ணும் இல்ல. அன்னைக்கு முதல்லயே ரெண்டு பக்கமும் பிளஸ்ஸைச் சொருகி வச்சிட்டேன், அதனாலதான் கலங்கிச்சு."

"அப்ப இதுலயும் முக்கால் மைனஸே போட்டிருக்கலாமே. எனக்குத் தெரிஞ்சே இருக்காதே."

அப்பா இழுப்பறையைத் திறந்து ஒரு சின்னக் காகிதப் பொட்டலத்தை எடுத்து வைத்தார். பிரித்தாள். இரண்டு லென்ஸ்கள். அவளுடைய பிரேம் அளவுக்கே தேய்த்து, ஓரமெல்லாம் மழுக்கி, மாட்ட வேண்டியதுதான் பாக்கி என்று இருந்தன. கையில் எடுத்து ஆட்டினாள். கதவு நிலை கூடவே நகர்ந்தது. முக்கால் மைனஸ்.

"தேய்ச்சுட்டேன். மாட்டுறப்போ கை வரல," என்றார் அப்பா. "நல்ல கண்ணும்மா. அதுல போய் எப்படி இதை மாட்டுறது?"

இதற்கு என்ன சொல்வது? நானாக இருந்தால் கத்தித் தீர்த்திருப்பேன். மகள் வாழ்க்கையைத் திசை திருப்பப் பொய் சொல்ல வாய் வந்ததாம், தப்பான லென்ஸை மாட்ட மட்டும் கை வரவில்லையாம். முப்பது வருடத் தொழில் மனுஷனை என்ன பாடு படுத்தியிருக்கிறது பாருங்கள். அவளும் கத்தலாம் என்றுதான் வாயைத் திறந்தாள். போகாதே என்று நேராகச் சொல்லியிருக்கலாமே என்று கேட்டாள். குரலில் பாதிதான் கோபம் இருந்தது.

அப்பா இழுப்பறையை மூடிவிட்டுச் சொன்னார். போகாதே என்றால் அவள் போகமாட்டாள், அது அவருக்குத் தெரியும். அப்புறம் இந்தக் கடையில் உட்கார்ந்து, அப்பா சொன்னதால்தான் இருக்கிறோம் என்று ஒவ்வொரு லென்ஸ் தேய்க்கும்போதும் நினைப்பாள். கண் சரியில்லை என்றால் யார் மேலும் குறை இல்லை. அதனால்தான் பழியைக் கண் மேல் போட்டேன் என்றார்.

அவளுக்குச் சுருக்கென்றது. அவள் செய்ததும் அதைத்தானே. போகிறேன் என்று சொல்லவும் பயம், மாட்டேன் என்று சொல்லவும் பயம். முக்கால் மைனஸ் என்றதும் ஓடிப்போய் அதன் பின்னால் ஒளிந்துகொண்டாள். அம்மா அத்தனை சொல்லியும் வெளியே வரவில்லை. அப்பனுக்குத் தப்பாமல் பிறந்திருக்கிறேன் என்று நினைத்துக்கொண்டாள்.

"என் மேல கோபமா?" என்று கேட்டார் அப்பா.

"வரணும்னுதான் பார்க்கிறேன். பூஜ்யம்னு பார்த்ததும் முதல்ல சந்தோஷம்தான்ப்பா வந்துச்சு. உள்ளே தனியா நின்னு சிரிச்சேன்." சொல்லும்போதே அவளுக்கு அழுகை வந்தது. "எனக்கு ஆசை இருக்குப்பா. சரியா தப்பான்னு தெரியல, பயமா இருக்கு. ஆனா ஆசை இருக்கு."

இருபத்திரண்டு வருடத்தில் அவள் வாயால் இதைச் சொல்லி அவளே கேட்டது அப்போதுதான். அப்பா தலையை ஆட்டிக்கொண்டே இருந்தார். பிறகு, கடிதத்தோடு வந்த படிவத்தைப் பூர்த்தி செய்து மேஜை மேல் வைத்திருந்தாயே என்று ஆரம்பித்தார். நிறுத்தினார். மறுபடி ஆரம்பித்தார்.

"அதுல ஒரு வரி இருக்கு. ஏதாவது ஆச்சுன்னா முதல்ல யாருக்குச் சொல்லணும்னு. என் பேரு எழுதி, கடை நம்பர் போட்டிருக்கே."

ஆமாம், எழுதியிருந்தாள். பள்ளிக்கூடத்தில் சேர்ந்த நாளிலிருந்து எந்தக் காகிதத்திலும் அந்த இடத்தில் அப்பா பேர்தான், கடை நம்பர்தான். யோசிக்காமல் எழுதிவிட்டாள். அதன் அர்த்தம் என்ன என்று இப்போதுதான் அவளுக்கு உறைத்தது. கடைப் போன் ஒரு நாளைக்கு முப்பது நாற்பது முறை அடிக்கும். கண்ணாடி ரெடியா, கடை எத்தனை மணி வரைக்கும், காம்பு உடைந்துவிட்டது சரி பண்ணலாமா என்று யாராவது கேட்பார்கள். அந்த வரியைப் படித்த நாளிலிருந்து ஒவ்வொரு தடவை மணி அடிக்கும்போதும் அப்பா அதைத்தான் கேட்டுக்கொண்டிருந்திருக்கிறார். அவள் பக்கத்தில் நின்று திருகாணி முடுக்கிக்கொண்டிருக்கும்போதே.

"அம்மா நம்பரைப் போட்டுடட்டுமா?" என்று கேட்டாள். அப்பாவைவிட அம்மாவுக்கு மனசு கெட்டி என்று வீட்டில் எல்லோருக்கும் தெரியும்.

அப்பா யோசித்தார். எதிரே சுவரில் பிரேம்களுக்கு நடுவே இருந்த நிலைக்கண்ணாடியில் தன் முகத்தையே கொஞ்ச நேரம் பார்த்தார்.

"வேண்டாம். அவ ஓடுற பஸ்ல நின்னுக்கிட்டிருப்பா. கூட்டத்துல அவ அதைக் கேட்க வேண்டாம்," என்றார். "எனக்கே இருக்கட்டும். நான் எடுத்துக்கிறேன்."

மணி நாலு நாற்பது. அப்பா கடைப் போனை அவள் பக்கம் நகர்த்தி வைத்தார். அவள் எழுதி வைத்திருந்த காகிதம் இப்போது உதவாது. கடிதத்தைப் பார்த்து எண்ணை அழுத்தினாள். எதிர்முனையில் ஒருவர் அவளுடைய விண்ணப்ப எண்ணைக் கேட்டார், சொன்னாள். வருகிறீர்களா என்று கேட்டார். அவள் அப்பாவைப் பார்த்தாள். அப்பா அவளைப் பார்க்காமல் அந்த இரண்டு லென்ஸையும் காகிதத்தில் சுற்றிக்கொண்டிருந்தார். சுற்றியதைப் பிரித்து, மறுபடி சுற்றினார்.

"வரேன்," என்றாள்.

போனை வைத்துவிட்டு அவளும் அழுதாள், அப்பாவும் அழுதார். அந்த நேரம் பார்த்து உடைந்த கண்ணாடியைக் கையில் ஏந்திக்கொண்டு உள்ளே வந்த மனிதர், பெரிய முதலாளியும் சின்ன முதலாளியும் சேர்ந்து அழுவதைப் பார்த்து வாசலிலேயே நின்றுவிட்டார். நாளைக்கு வரட்டுமா என்று கேட்டார். வேண்டாம், உட்காருங்கள் என்று சொல்லிவிட்டு அப்பா மூக்கைத் துடைத்துக்கொண்டு கையை நீட்டினார்.